ஞாயிற்றுக்கிழமை நடுவர்

கொலினின் இடது முழங்காலை இரு கைகளாலும் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தபோதே, இது யாரும் வந்து மோதி அடிபட்ட கால் அல்ல என்று வசுமதிக்குப் பட்டது. 1973ஆம் ஆண்டு மே மாதம் அது. ரொறன்ரோவில் ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில் அவள் இயன்மருத்துவராக இருந்தாள். முறிந்து பொருந்திய கைகால்களையும் பிடித்துக்கொண்ட முதுகுகளையும் பழையபடி அசைய வைப்பது அவள் தொழில். கொலின் அவுஸ்திரேலியாவிலிருந்து நிலவியலில் ஆராய்ச்சிப் பட்டம் படிக்க வந்தவன். புட்போல் விளையாடி விழுந்தேன் என்று அவன் சொன்னபோது, மருத்துவரிலிருந்து தாதி வரை எல்லாரும் யார் இடித்தது என்றே கேட்டார்கள். கனடாவில் புட்போல் என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் முட்டித் தள்ளுவது. அது வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டிருந்தது.

வசுமதி அதைக் கேட்கவில்லை. “மார்க் பிடிக்க எழும்பி, இறங்கும்போது கால் திருகிக்கொண்டதா?” என்றாள்.

கொலின் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்து அவளைப் பார்த்தான். உயர உதைத்த பந்தை, மற்றவன் தோளுக்கு மேலே எழும்பிக் காற்றிலேயே பிடித்தெடுப்பதற்கு அவன் நாட்டு விளையாட்டில் மார்க் என்று பெயர். ரொறன்ரோவில், வெள்ளைக் கோட்டுப் போட்ட கறுத்தப் பெண் ஒருத்தியின் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

நீங்கள் எந்த ஊர் என்று கேட்டான். யாழ்ப்பாணம் என்றாள். அங்கே இந்த விளையாட்டு உண்டா என்று கேட்டான். இல்லை, மெல்பேர்ணில் படித்தேன் என்றாள். அப்படியானால் எந்த அணியின் பக்கம் என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் சொன்ன பெயரைக் கேட்டு அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தான். அவள் அந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த இத்தனை நாளில், அவளைப் பற்றி யாரும் தொடர்ந்து மூன்று கேள்வி கேட்டதில்லை.

வசுமதி இருபது வயதில் கொழும்புத் திட்டப் புலமைப்பரிசில் பெற்று மெல்பேர்ணுக்குப் போனவள். டொய்ல் என்ற விதவை அம்மா ஒருத்தியின் வீட்டில் பின்னறை கிடைத்தது. அந்த அம்மாவுக்குச் சனிக்கிழமை என்றால் ஆட்டம்தான். மழையோ குளிரோ, கம்பளித் தொப்பியும் தேநீர்ப் போத்தலுமாகக் கிளம்பிவிடுவாள். வீட்டில் தனியே இருக்கப் பயந்து முதல் சனிக்கிழமை கூடப் போன வசுமதி, இரண்டாம் வருடத்தில் நடுவரைப் பார்த்துக் கத்தப் பழகிவிட்டாள். பந்து காற்றில் நிற்கும்போது இருபதாயிரம் பேர் ஒன்றாக மூச்சைப் பிடிப்பார்கள். அந்த மூச்சில் அவளுடையதும் இருந்தது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அவள் எந்த நாடு என்பது முக்கியமில்லை, எந்த அணி என்பதுதான் முக்கியம். படிப்பு முடிந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது புலமைப்பரிசிலின் நிபந்தனை. அது இல்லாவிட்டாலும், வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்க நினைப்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை.

திரும்பி வந்து கொழும்பில் வேலை பார்த்தாள். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் ஒப்பேற்றிவிட்டு அவளுக்குப் பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். தங்கைகளுக்கு ஒப்பேறியது. அவளுக்குப் பேசி வந்த இடங்களில், நாலு வருடம் வெள்ளைக்காரர் நாட்டில் தனியே இருந்தவளாமே என்று இழுத்தார்கள். இழுத்தது இழுத்தபடியே நின்றுபோயிற்று. தகப்பன் இறந்த மறுவருடம், 1971இல், அவள் கனடாவுக்கு வந்தாள்.

ரொறன்ரோவில் உறவென்று சொல்ல மோகனசுந்தரம் ஒருவர்தான். ஒன்றுவிட்ட அண்ணன். ரெக்ஸ்டேலில் மனைவி வனஜாவோடும் மகளோடும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசுமதிக்கு அங்கேதான் சாப்பாடு. சாப்பிட்டு முடிந்ததும் அண்ணை சோபாவில் கண்ணயர்ந்துவிடுவார். வனஜா சாமான் கழுவுவாள். வசுமதி துடைத்து வைப்பாள். பிறகு இரண்டு பஸ் மாறித் தன் அறைக்குத் திரும்புவாள். வாரம் முழுக்க ஊரார் கால்களையும் தோள்களையும் பிடித்துக்கொடுக்கிறவள், சனி ஞாயிறுகளில் யாருடைய கையையும் தொடாமல் இருந்தாள்.

கால் தேறிவருகிற நாட்களில் கொலின் தங்கள் குழுவைப் பற்றிச் சொன்னான். அந்த இளவேனிலில்தான் தொடங்கியிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற அவுஸ்திரேலியர் பத்துப் பேர் இருந்தார்கள். ஊரில் வேறொரு விதமான பந்தாட்டம் ஆடிப் பழகிய டெக்லன் என்ற அயர்லாந்துக்காரனும், என்னவென்று தெரியாமலே வந்து சேர்ந்த கனடாக்காரர் சிலரும் இருந்தார்கள். மாணவர் விடுதிகளுக்குப் பின்னால் இருந்த இரண்டு மைதானங்களைச் சேர்த்து, சுண்ணாம்புத் தூளால் பெரிய முட்டை வடிவம் ஒன்று போட்டிருந்தார்கள். இரு முனையிலும் நாலு நாலு கம்பங்கள். தண்ணீர்க் குழாய்களுக்கு வெள்ளை அடித்து நட்டவை. நடு இரண்டு கம்பங்களும் உயரம். அவற்றுக்கிடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. அவற்றுக்கு வெளியே, ஓரத்துக் குட்டைக் கம்பங்களுக்குள் போனால் ஒற்றைப் புள்ளி. போகிற வழியில் எதிராளியின் விரல் பந்தில் பட்டுவிட்டாலும் ஒற்றைப் புள்ளிதான். எது எது என்று கம்பங்களுக்கு நடுவே நின்று தீர்ப்புச் சொல்ல ஒரு கோல் நடுவர் வேண்டும். அந்த வேலைக்கு ஒருவரும் வருகிறார்கள் இல்லை. எல்லாருக்கும் ஓடத்தான் ஆசை.

“வெள்ளைக் கோட்டுத்தான் கோல் நடுவரின் உடுப்பு,” என்று கொலின் அவள் கோட்டைக் காட்டிச் சொன்னான். “உங்களிடம் அது இருக்கிறது.”

விளையாட்டாகத்தான் சொன்னான். அடுத்த ஞாயிறு அவள் போய் நின்றாள்.

அதன் பிறகு ஐந்து கோடைகள் அவளுடைய ஞாயிறுகள் அங்கேதான் போயின. தலையணை உறையைக் கிழித்து இரண்டு கொடி தைத்துக்கொண்டாள். கோல் என்றால் இரண்டு கொடியையும் குறுக்கே வீச வேண்டும். ஒற்றைப் புள்ளி என்றால் ஒன்று. ஆட்டம் மறுமுனையில் நடக்கும்போது அவளுக்கு வேலையில்லை. தூரத்தில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழும்பும் சத்தம் பிந்தி வந்து சேரும். திடீரென்று எல்லாரும் அவளை நோக்கி ஓடி வருவார்கள். பந்து தலைக்கு மேலே வரும். அத்தனை முகங்களும் அவளைப் பார்க்கும். கொடியை வீசியதும் முகங்கள் திரும்பிப் போய்விடும்.

முதல் நாள் ஆட்டம் முடிந்து பியர் குடிக்கப் புறப்பட்டபோது கொலின் அவளையும் கூப்பிட்டான். குடிக்கிற இடமாயிற்றே என்று தயங்கி, இல்லை, நன்றி என்றாள். கட்டாயப்படுத்தினால் மரியாதையில்லை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஒரு பக்கம் போவார்கள், அவள் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு மறுபக்கம் நடப்பாள். இன்னொரு தடவை கேட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று இரண்டாவது கோடையில் நினைத்து வைத்திருந்தாள். கேட்கவில்லை. தானாக எப்படிக் கேட்பது?

ரெக்ஸ்டேலில் இது பிடிக்கவில்லை. ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு அவள் வராததை வனஜா பெரிதாக எடுக்கவில்லை, அண்ணை எடுத்தார். ஒரு முறை காரில் வந்து மைதான ஓரத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, இறங்காமலே போனார். அன்றிரவு தொலைபேசியில் பேசினார். அரைக் காற்சட்டை போட்ட ஆம்பிளையள் உருண்டு பிரள்ற இடத்தில் உமக்கு என்ன வேலை என்று கேட்டார். அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் அவருக்கு விளங்காது என்று விட்டுவிட்டாள்.

தொடக்கத்தில் குழு தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்துதான் ஆடியது. 1975இல் பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஒரு அணி உருவானது. பாடசாலைகளில் ஆசிரியர்களாக ஒப்பந்தத்தில் வந்திருந்த அவுஸ்திரேலியரும், கார் தொழிற்சாலையில் வேலை செய்த சிலரும் சேர்ந்தது. கோடை முடிந்ததும் இரண்டு அணிகளும் ஒரு ஆட்டம் ஆடுவது, வெல்கிறவர் ஒரு பழைய மின்சாரத் தேநீர்க் கேத்தலைக் கோப்பையாக வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் வருடம் கேத்தல் ஒஷாவாவுக்குப் போயிற்று. அடுத்த வருடம் எப்படியும் எடுத்துவிடுவது என்று கொலின் கோடை முழுவதும் பொடியன்களை ஓட வைத்தான். அவனுக்கு அதுதான் ரொறன்ரோவில் கடைசிக் கோடையும்.

அந்த ஆட்டம் 1976 ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. அதே ஞாயிறு மத்தியானம் ரெக்ஸ்டேலில் சாப்பாட்டுக்கு ஒருவர் வருவதாக அண்ணை ஒழுங்கு செய்திருந்தார். தட்சிணாமூர்த்தி என்று பெயர். தமிழ்நாட்டுக்காரர், பொறியியலாளர், விட்பியில் புது வீடு வாங்கியிருந்தார். மனைவி இறந்து மூன்று வருடம், பிள்ளைகள் இல்லை.

“இந்தியாக்காரர் எண்டாலும் நல்ல அமைதியான மனுசன்,” என்றார் அண்ணை தொலைபேசியில். “உமக்கும் முப்பத்தெட்டு ஆகுது. இனி ஆர் வருவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறீர்?”

“வேற ஒரு நாளைக்கு வைக்கேலாதே அண்ணை?”

“ஏன், அண்டைக்கு என்ன?”

“எனக்கு மாட்ச் இருக்கு.”

 “நீர் விளையாடுறீரோ?” என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்ப நீர் இல்லாட்டி அவையள் விளையாடமாட்டினமோ?” என்றார். அதற்கு ஓம் என்று சொல்ல அவளுக்கு ஆசையாயிருந்தது. சொல்லவில்லை. வரேலாது அண்ணை என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குக் காற்று ஊசியாய்க் குத்தியது. பந்து குளிரில் இறுகிக் கல்லாகக் கிடந்தது. விரல் விறைத்து, பிடிக்கிற பந்தையெல்லாம் நழுவவிட்டார்கள். கடைசி நிமிடங்களில் பல்கலைக்கழக அணி நாலு புள்ளி பின்னால் நின்றது. ஒரு கோல் போட்டால் கேத்தல் அவர்களுடையது. டெக்லன் தட்டிவிட்ட பந்தைக் கொலின் ஓடிக்கொண்டே எடுத்து, வசுமதி தேற்றிக்கொடுத்த அந்தக் காலை ஊன்றி, மறுகாலால் உதைத்தான். பந்து உயர்ந்து அவள் பக்கம் வந்தது. கம்பங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஒன்றாக எழும்பினார்கள். ஒஷாவா அணியின் நெட்டையான ஆசிரியர் ஒருவரின் கைதான் எல்லாவற்றிலும் மேலே போனது. பந்து அந்த விரல்களைத் தாண்டி, இரண்டு உயரக் கம்பங்களுக்கும் சரி நடுவே, அவள் தலைக்கு மேலாகப் போய் விழுந்தது.

பல்கலைக்கழகப் பொடியன்கள் கத்திக்கொண்டு கொலினைக் கட்டிப் பிடித்தார்கள்.

வசுமதி அசையவில்லை. சீராகச் சுழன்று வந்த பந்து அந்த விரல்களைக் கடக்கும்போது ஒரு தரம் தடுமாறியதை அவள் கண்டிருந்தாள். ஒரு நடுக்கம், அவ்வளவுதான். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த நெட்டை மனிதர் கீழே விழுந்து கையை உதறிக்கொண்டிருந்தார். விறைத்த விரலில் பட்டதா இல்லையா என்பது அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. மைதான நடுவர் ஓடிவந்து அவளைப் பார்த்தார். இரண்டு கொடிக்கும் அவள் கை ஏங்கியதை அவளே உணர்ந்தாள். ஒற்றைப் புள்ளி என்று ஒரு விரலை நீட்டினாள். பிறகு ஒரு கொடியை எடுத்து வீசினாள்.

கத்தல் நின்றது. கொலின் மெல்ல நடந்து வந்தான்.

“பட்டதா?”

“பட்டது.”

“நிச்சயமாகவா?”

“நிச்சயம்.”

அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்களுக்குள் தோளைத் தட்டிக்கொண்டார்கள், சப்பாத்தைக் கழற்றினார்கள், அவள் பக்கம் மட்டும் பார்க்காமல் இருந்தார்கள். ஒருவராவது வந்து சண்டை பிடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாயிருந்திருக்கும். ஒஷாவா அணித் தலைவன்தான் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, நல்ல கண் உங்களுக்கு என்றான். அந்தக் கைகுலுக்கலை எல்லாரும் பார்த்தார்கள்.

பின்னேரம் அறைக்கு வந்து ரெக்ஸ்டேலுக்குத் தொலைபேசி எடுத்தாள். வனஜாதான் எடுத்தாள். வந்தவர் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டாராம். நல்ல மனிதராம். உங்களுக்கு எண்டு சோறு எடுத்து வைச்சிருக்கிறன், வாறீங்களே என்று கேட்டாள். அண்ணை பக்கத்தில் இருக்கிறாரா என்று வசுமதி கேட்டாள். இருக்கிறார், ஆனால் பேசமாட்டாராம் என்று வனஜா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

1977 ஏப்ரலில் கொலின் பட்டத்தை முடித்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டான். போவதற்கு முன்னால் மருத்துவமனைக்கு வந்து, அவளுடைய கடைசி நோயாளி வெளியே போகும்வரை நாற்காலியில் காத்திருந்தான். கால் எப்படி என்று கேட்டாள். நன்றாயிருக்கிறது என்றான். அவன் கையில் ஒரு பந்து இருந்தது. குழுவின் மூன்று பந்துகளில் காற்று நிற்கிறது அது ஒன்றுதான், நீங்கள் வைத்திருங்கள் என்றான்.

“அது கோல் என்றுதான் நான் நினைக்கிறேன்,” என்று திடீரென்று சொன்னான். “இன்றைக்கும்.”

“விரல் பட்டது, கொலின்.”

“டெக்லனும் கோல் என்றுதான் சொல்கிறான்.”

“டெக்லன் மைதானத்தின் பாதியில் நின்றார்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் கையை நீட்டினான், அவள் பிடித்தாள். நோயாளியின் கையைப் பிடிக்கிற பழக்கத்தில் நாடி பார்ப்பதுபோல் பிடித்துவிட்டோமோ என்று அவன் போன பிறகு தோன்றியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சமைக்கவில்லை. பந்தை அலுமாரிக்கு மேலே வைத்தாள், உருண்டு விழுந்தது. கீழேயே வைத்தாள். உண்மையிலேயே பட்டதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பட்டதுதான். ஆனால் அதைக் கண்ட கண் உலகத்தில் அவளுடையது ஒன்று மட்டும்தான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் பாரமாயிற்று.

அந்த இலையுதிர்காலத்தில் அண்ணையின் மகளுக்குப் பிறந்தநாள். அண்ணைக்கும் கோபம் ஆறியிருந்தது. ரெக்ஸ்டேலில் வீடு நிறைய ஆட்கள். கேக்குத் தட்டோடு சுவரோரம் நின்றவளிடம், தலை முன்பக்கம் வழுக்கையான ஒருவர் வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டார். தட்சிணாமூர்த்தி. அவருக்கு அந்தக் கோடையில் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் என்று, கதவருகே வனஜாவோடு பேசிக்கொண்டிருந்த இளம்பெண்ணைக் காட்டினார்.  அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று வசுமதி யோசித்தாள். அவர் முந்திக்கொண்டார்.

“அன்னிக்கு உங்க மேட்ச் என்ன ஆச்சுங்க? ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன்.”

ஒரு வருடமாக அந்தக் கேள்வியைத் தமிழில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“தோத்துப்போனம்,” என்றாள். பிறகு, “கடைசிப் பந்தில ஒராளின்ர விரல் பட்டுட்டுது. நான்தான் கண்டனான். நான் சொல்லாட்டி நாங்கள் வெண்டிருப்பம்.”

“பாத்துட்டீங்க இல்ல. சொல்லித்தானே ஆகணும்.” அவர் அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. எந்தக் கை, எவ்வளவு தூரம், பந்து எப்படி இருக்கும் என்று இன்னும் கேட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு வசுமதி கையால் காட்டிச் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவருகிலிருந்து மனைவி அவரைப் பார்த்தாள். வரேன்மா என்று சொல்லிவிட்டு, வசுமதியிடம் விடைபெற்றுப் போனார். போகிறபோது அவருடைய மேலங்கியை மனைவி எடுத்துக் கொடுத்ததை வசுமதி பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல மனிதர் என்று வனஜா சொன்னது சரிதான்.

குழு அதற்குமேல் நிற்கவில்லை. படிப்பு முடிந்தவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேராகப் போனார்கள், புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒஷாவா ஆசிரியர்களின் ஒப்பந்தமும் முடிந்தது. 1978 மே மாதத்து முதல் ஞாயிறு, கோட்டும் கொடியும் பந்துமாக வசுமதி போனபோது டெக்லன் மட்டும் வந்திருந்தான். மாணவர் ஒருவரையும் காணோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவன் பந்தை வாங்கி, ஓரத்தில் நின்று உயரக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தான். அவள் பழக்கத்தில் இரண்டு கொடியையும் வீசினாள். இன்னும் நாலைந்து தரம் உதைத்தான். தனக்கு வேலை வான்கூவருக்கு மாறிவிட்டது என்று பிறகு சொன்னான். பந்தை அவனுக்கே கொடுத்துவிட்டாள்.

மறுவருடம் இளவேனிலில் அந்தப் பக்கம் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. வேலை முடிந்து மைதானத்தை எட்டிப் பார்த்தாள். குழாய்க் கம்பங்களைப் பிடுங்கியிருந்தார்கள். குழிகளில் புது மண் போட்டு நிரப்பியிருந்தது. சின்னப் பிள்ளைகள் சாதாரண உதைபந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்த இத்தாலியப் பெண் ஒருத்தி, உங்களுடைய பிள்ளை எது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா பார்க்கிறேன் என்றாள் வசுமதி. அந்தப் பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள். அதோ அந்தப் பச்சைச் சட்டை என்னுடையவன் என்று காட்டினாள். வசுமதி உட்கார்ந்து அந்தப் பச்சைச் சட்டையைப் பார்க்கத் தொடங்கினாள். அவன் பந்தின் பக்கமே போகாமல், மைதானத்தின் ஒரு மூலையில் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.